அம்மாவின் கையெழுத்து

ஒரு குழந்தை குவாட் பைக் பந்தயத்தில் இறங்க வேண்டுமென்றால் வண்டி, தலைக்கவசம், பூட்ஸ் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேவைப்படுவது பெற்றோரின் கையெழுத்து. நாங்கள் வசிக்கும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், எங்கள் ஊருக்குப் பக்கத்து மண் திடலில் பந்தயம் நடத்தும் மன்றம் தருகிற படிவம் இரண்டு பக்கம். இந்த விளையாட்டில் உயிர் போகலாம், உடல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று தெரிந்தே சம்மதிக்கிறேன், அப்படி நேர்ந்தால் நடத்துபவர்கள்மீது வழக்குப் போடமாட்டேன் என்பது அதன் சாரம். அந்த 'நான்' என்ற இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். உயிரும் உடலும் என் மகளுடையவை.

அவளுக்கு 9 வயது. வகுப்புத் தோழி ஒருத்தி போட்டியில் ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து தானும் ஓட்ட வேண்டும் என்கிறாள். நம்மூர்க் கடற்கரை விடுதிகளிலும் மலைவாசத் தலங்களிலும் சுற்றுலா வந்தவர்களுக்கு இத்தனை சுற்றுக்கு இவ்வளவு என்று ஓட்டத் தருவார்களே, அந்த நாலு சக்கர வண்டிதான் குவாட். இங்கே குழந்தைகளுக்கென்றே 50, 70, 90 சிசி எஞ்சின்களில் செய்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் வேகம் கூடும். ஓர் அளவுக்கு மேல் அழுத்த முடியாதபடி பெற்றோர் ஒரு திருகாணியைத் திருகி வைக்கலாம். பிள்ளை தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் நின்றுபோகும்படி, சுவிட்சிலிருந்து ஒரு கயிற்றை அவள் உடம்போடு மாட்டிவிடுவார்கள். இவை ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. 90 சிசி வண்டி 100 கிலோவுக்கு மேல் இருக்கும். என் மகள் 27 கிலோ. வண்டி புரண்டு அவள்மேல் விழுந்தால் அந்தக் கயிறு எஞ்சினைத்தான் நிறுத்தும், எடையை அல்ல.

எந்த வயதில் தொடங்கலாம் என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கின்றன. சில போட்டிகளில் 50 சிசி பிரிவு 4 வயதிலேயே தொடங்குகிறது. மிகச் சிறிய வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை 6 வயதுக்குக் கீழே கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதமி 16 வயதுவரை இந்த வண்டியில் ஏறவே கூடாது என்கிறது. இந்த மூன்று எண்களுக்கு நடுவே எங்கே நிற்பது என்பதை என் பேனாவிடம் விட்டிருக்கிறார்கள். இன்னொருவர் உடலில் நேரக்கூடிய வலிக்கு நான் எப்படிச் சம்மதிப்பது?

பெண்ணியம் பேசுகிற நமக்கு இந்தக் கேள்வி இன்னொரு விதத்திலும் உறுத்தும். தாயின் கையெழுத்துக்கு மதிப்பு வேண்டும் என்று வழக்காடியவர்கள் நாம். இந்து மைனர்கள், காப்பாளர்கள் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் வரிசைப்படுத்தியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 'அவருக்குப் பின்' என்பதை 'அவர் இறந்த பின்' என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, தந்தை பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. அப்படிப் போராடிப் பெற்ற கையெழுத்தைக்கொண்டு பிள்ளையின் உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியுமா?

அமெரிக்க நீதிமன்றங்களும் இதில் ஒத்துப்போகவில்லை. ஒஹையோவில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் கோல் கம்பத்தில் தொங்கியபோது கம்பம் அவன்மேல் சாய்ந்து படுகாயமடைந்தான். கால்பந்து மன்றத்தில் சேர்க்கும்போதே அவன் அம்மா கையெழுத்திட்டிருந்தார். அந்தக் கையெழுத்து சிறுவனையும் கட்டுப்படுத்தும் என்று 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தகைய மன்றங்களைத் தன்னார்வலர்கள் லாபமில்லாமல் நடத்துகிறார்கள், வழக்குக்குப் பயந்து அவர்கள் ஒதுங்கிவிட்டால் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு என்பது அதன் வாதம். நியூ ஜெர்சியில், வணிக நிறுவனம் ஒன்றின் ஸ்கேட்போர்டு பூங்காவில் 12 வயதுச் சிறுவன் விழுந்து எலும்பு முறிந்தது. அங்கும் கையெழுத்திட்டிருந்தவர் அம்மாதான். குழந்தையின் வழக்காடும் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது.

ஒஹையோவின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. கொடி பிடித்து நிற்கும் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் மரமும் பள்ளமும் நிறைந்த பண்ணை நிலத்தில் தனியாக ஓட்டுவார்கள். ஆனாலும் என் மனம் நியூ ஜெர்சி பக்கமே சாய்கிறது. காப்பாளர் என்றால் காத்து வைத்திருப்பவர். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை அவர் தன் சொத்துபோல விட்டுக்கொடுக்க முடியாது.

அப்படியென்றால் கையெழுத்திடாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். மறுப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. கோவையிலிருந்து என் அம்மா போனில் சொன்னார்: "பொட்டப்புள்ள மொகத்துல ஒரு தழும்பு உளுந்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான், கண்ணு? பையன் வேணும்னா ஓட்டட்டும்." மருத்துவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களைச் சோதித்துப் பார்க்கலாம்: இவ்வளவு எடையைத் திருப்பும் பலம் இருக்கிறதா, வேகத்தைக் கணிக்கும் பக்குவம் வந்துவிட்டதா. பிள்ளை வளர வளர அந்தக் காரணங்கள் தளரும். மகனுக்கும் மகளுக்கும் அவை ஒன்றுதான். அம்மா சொல்லும் காரணம் வயது ஏற ஏற இறுகும். அதில் என் மகளின் வலி கணக்கில் இல்லை, அவளுக்குக் கிடைக்கும் விலைதான் இருக்கிறது.

அம்மாவிடம், பையன் ஓட்டலாமென்றால் பெண்ணும் ஓட்டலாம் என்று சொல்லிவிடுவது எளிது. அந்த வாதம் எனக்குப் போதவில்லை. நொறுங்கும் எலும்பில் சமபங்கு கேட்பது விடுதலை ஆகாது. என் 6 வயது மகனையும் யாரும் இவ்வளவு சுலபமாக அந்த வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. ஆண்பிள்ளை என்பதாலேயே அவன் உடல் மலிவாகிவிடவில்லை.

இருந்தும் மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. பெண்பிள்ளைகள் பந்து எறியும்போது ஏன் முழு உடலையும் ஈடுபடுத்துவதில்லை என்ற கேள்வியை வைத்து 1980இல் ஐரிஸ் மரியன் யங் ஒரு கட்டுரை எழுதினார். தன் உடலால் இது ஆகாது என்ற தயக்கத்தைப் பெண்பிள்ளைகள் வளரும் சூழலிலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்றார். கால்களைச் சேர்த்து வைத்து உட்கார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. குவாட் ஓட்டுவதற்கு முழு உடலும் வேண்டும். எழுந்து நிற்க வேண்டும், முழங்கால்களை அகட்டி வளைக்க வேண்டும், வளைவில் உடலை உள்பக்கம் சாய்த்து வண்டியைப் படிய வைக்க வேண்டும். இதை என் மகள் எங்கேயும் கற்காமல் போனால் அதுவும் அவள் உடலுக்கு நேரும் இழப்புதான். எந்தப் படிவத்திலும் அது எழுதப்பட்டிருக்காது.

இங்கே எனக்கு உதவியது, சம்மதம் பற்றிப் பெண்கள் பேசிப் பேசிச் சேர்த்த அறிவு. ஒருமுறை சொன்ன 'சரி' எப்போதைக்கும் செல்லாது என்பதை நாம் நம் உடல்களை முன்வைத்துச் சொல்லியிருக்கிறோம். 9 வயதுக் குழந்தையின் 'சரி' முழுச் சம்மதம் ஆகாது. சாவு என்றால் என்ன என்பது அவளுக்கு முழுதாகத் தெரியாது. அதனால்தான் என் கையெழுத்தும் கேட்கிறார்கள். ஆனால் அவளுடைய 'வேண்டாம்' முழுமையானது. அதற்கு யாருடைய மேலொப்பமும் தேவையில்லை.

திடலில் பெரும்பாலும் உடைவது இந்த 'வேண்டாம்'தான். புறப்பாட்டுக் கோட்டில் அழுத ஒரு சிறுவனிடம், மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறோம் என்று அவன் அப்பா சொன்னதைக் கேட்டேன். வண்டி, உதிரிபாகம், உடுப்பு, பயணம் என்று குடும்பம் கொட்டிய காசெல்லாம் சேர்ந்து பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் சொந்த வண்டி வாங்காததற்கு முதல் காரணம் இதுவே.

பயிற்சி வகுப்புக்கான படிவத்தில் கையெழுத்திட்டேன். பந்தயப் படிவத்தில் இடவில்லை. பயிற்சியில் வண்டி சிறியது, வேகத்துக்கு வரம்பு உண்டு, ஆபத்து பெரும்பாலும் அவள் திறமையையும் பயிற்சியாளரின் கவனத்தையும் பொறுத்தது. பந்தயத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குப் பாய்கிறார்கள். அங்கே அவள் உயிர் மற்ற குழந்தைகளின் பதற்றத்தையும் பொறுத்தது. இதை அவளிடம் அப்படியே சொன்னேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் பேசுவதாக ஒப்புக்கொண்டோம். தம்பிக்கும் இதே விதிதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

இங்கே பல மாநிலங்களில், காயப்பட்ட குழந்தை வழக்குப் போடுவதற்கான காலக்கெடு அவளுக்கு 18 வயதான பிறகே ஓடத் தொடங்குகிறது. அவள் வளர்ந்து வந்து கேட்கட்டும் என்று சட்டம் காத்திருக்கிறது. தாயின் கையெழுத்தையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஏன் கையெழுத்திட்டாய் என்றோ ஏன் இடவில்லை என்றோ அவள் ஒருநாள் கேட்பாள். அப்போது என்னிடம் இருக்கும் பதில் அவள் உடலைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஊர் வாயைப் பற்றியதாகவோ என் பயத்தைப் பற்றியதாகவோ இருக்கக் கூடாது.