மூலம் எது, பிரதி எது?

சீடன்: ஐயா, செல் பிரியும்போது அதிலுள்ள டி.என்.ஏ.வும் இரண்டாகிறது. அந்த இரண்டில் மூலம் எது, பிரதி எது?

குரு: உனக்கு என்ன தோன்றுகிறது?

சீடன்: ஓலைச்சுவடியைப் படியெடுப்பது போல இருக்கவேண்டும். பழைய ஏடு அப்படியே இருக்கும். பக்கத்தில் புது ஏடு வந்துவிடும்.

குரு: 1950-களில் அதையும் ஒரு சாத்தியமாக வைத்திருந்தார்கள். முதலில் அமைப்பைப் பார். முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழைகள். ஒன்றில் அடினின் என்ற காரம் இருந்தால் எதிரில் தைமின் என்ற காரம். குவானினுக்கு எதிரில் சைட்டோசின். இணைகளைப் பிடித்திருப்பவை மெலிந்த ஹைட்ரஜன் பிணைப்புகள். இழையின் நெடுக ஓடும் சர்க்கரை, பாஸ்பேட் தொடரோ உறுதியானது. அதனால் இழைகள் பிரியும், அறுந்துபோகாது. வாட்சனும் கிரிக்கும் 1953-இல் இதை வெளியிட்டார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் அவருக்கே தெரியாமல் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சீடன்: ஓர் இழை கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாமே!

குரு: அதைத்தான் பாலிமரேஸ் நொதி செய்கிறது. இனி உன் ஓலைச்சுவடியைச் சோதிப்போம். 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் வெளியிட்ட சோதனை இது. ஈ.கோலை பாக்டீரியாவைப் பல தலைமுறை கனமான நைட்ரஜன்-15 கொடுத்து வளர்த்தார்கள். பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினால் டி.என்.ஏ. தன் அடர்த்திக்குரிய இடத்தில் பட்டையாக நிற்கும். ஒரு தலைமுறை கழித்து எத்தனை பட்டை தெரியவேண்டும்?

சீடன்: இரண்டு. கனமான பழையது, லேசான புதியது.

குரு: தெரிந்தது ஒன்றே. இரண்டுக்கும் நடுவில்.

சீடன்: இரண்டிலும் பாதி பழையது, பாதி புதியதா? ஆனால் பழையது துண்டு துண்டாகச் சிதறிக் கலந்திருந்தாலும் நடுவில்தானே நிற்கும்?

குரு: சரியான இடத்தில் மறித்தாய். அடுத்த தலைமுறையில் பாதி நடுவில் நின்றது, பாதி லேசான இடத்துக்குப் போனது. சிதறிக் கலந்திருந்தால் எல்லாம் ஒரே பட்டையாக நின்றிருக்கும். பழைய இழை முழுதாகவே இருக்கிறது.

சீடன்: அப்படியானால் அந்தப் பழைய இழைதான் மூலம்.

குரு: அதுவும் அப்படியே இருப்பதில்லை. சேதமான காரங்களைச் செல் வெட்டியெடுத்துப் புதியவற்றை வைத்துக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து வருவது வரிசை மட்டுமே.

சீடன்: வரிசையாவது மாறாததா?

குரு: பாலிமரேஸ் ஏறத்தாழ லட்சத்துக்கு ஓரிடத்தில் தவறான காரத்தை வைக்கிறது. உடனே பின்வாங்கிப் பெரும்பாலானவற்றைத் திருத்துகிறது. மீந்ததை வேறு நொதிகள் தேடிப் பிடிக்கின்றன. கடைசியில் தப்புவது நூறு கோடிக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ. ஆனால் நம் செல் ஒன்றில் சுமார் 600 கோடி இணைகள்.

சீடன்: அப்படித் தப்பிய ஒன்றிலிருந்து புற்றுநோய் தொடங்கலாம்.

குரு: தொடங்கலாம். உயிர்கள் வேறுவேறாகப் பிரிந்ததும் அப்படித் தப்பியவற்றால்தான்.

சீடன்: எது கேடு, எது ஆக்கம் என்று அந்த நொதிக்குத் தெரியுமா, ஐயா?

குரு: தெரியாது. எதிரெதிரே நிற்கும் இரண்டு காரங்களின் வடிவம் பொருந்துகிறதா என்பதற்கு மேல் அது எதையும் பார்ப்பதில்லை.