ஒரே கிண்ணமும் சிரட்டையும்

1818இல் ஜோசப் நைற் பாதிரியார் நல்லூரில் ஊழியம் தொடங்கியபோது திருவிருந்தும் கூடவே வந்தது: ஓர் அப்பம், ஒரு கிண்ணம். சாதிக்கொரு பாத்திரம் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்கு இதனிலும் ஆபத்தான சடங்கு வேறேது? ஒருவன் உதடு பட்ட இடத்தில் மற்றவன் உதடு படவேண்டும்.

இந்த ஆபத்தைத் தமிழ்நாட்டுச் சபைகள் அறிந்தே இருந்தன. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டதும் தஞ்சைக் கிறிஸ்தவர் பலர் சபையையே துறந்தனர். அவர்கள் நேர்மையானவர்கள் என்றுகூடச் சொல்லலாம்; கிண்ணத்தின் பொருளை அவர்களாவது உணர்ந்திருந்தனர்.

கொரிந்துச் சபையில் செல்வர் முந்தியுண்ண, வறியவர் பசித்திருந்தனர். பவுல் சினந்து எழுதினார். அன்று அது வயிறு நிறையும் விருந்து. ஆதலால் அநீதி கண்ணுக்குத் தெரிந்தது. பின்னாளில் விருந்து துண்டு அப்பமாகச் சுருங்கிற்று. பந்தி மறைந்தது, பந்தியைப் பற்றிய கேள்வியும் மறைந்தது.

தேநீர்க்கடையில் ஒடுக்கப்பட்டவனுக்குச் சிரட்டை நீட்டிய ஊர் இது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அவனை மறித்தவர்களைக் கண்டிக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு காலை அவனோடு ஒரே கிண்ணத்தில் பருகியவர்களுள், மாலையில் அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பேணி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவர் எத்தனை பேர்?