கடைசி ஆள் போன பிறகு

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் 1222 என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு தேவாலயத்தில் இனி வழிபாடு நடத்த முடியாது, பழுது பார்க்கவும் வழியில்லை என்ற நிலை வந்தால், ஆயர் அதை உலகியல் பயன்பாட்டுக்கு விட்டுவிடலாம். ஒரே நிபந்தனை, அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக் கூடாது. எது இழிவு என்று விதி பட்டியல் போடவில்லை. நூலகம் ஆக்கலாமா? பிரச்சினை இல்லை. துணிக்கடை? யோசிக்கலாம். மதுச்சாலை? இங்கேதான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

பிட்ஸ்பர்க் நகரத்தின் லாரன்ஸ்வில் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டடமே பதிலாக நிற்கிறது. 1902இல் கட்டிய புனித திருமுழுக்கு யோவான் தேவாலயம் அது. 1993இல் மறைமாவட்டம் அதை மூடியது. 1996 ஆகஸ்டில் 'சர்ச் ப்ரூ ஒர்க்ஸ்' என்ற பெயரில் மறுபடி கதவு திறந்தது. ப்ரூபப், அதாவது பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம். வேலை விஷயமாக அந்த ஊரில் மூன்று வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன்.

உள்ளே நுழைந்தால் முதலில் உயரம்தான் கண்ணில் படும். வளைந்த கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். பழைய நீள பெஞ்சுகளையே அறுத்துச் சின்னதாக்கி மேஜைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். பலிபீடம் இருந்த இடத்தில், நீல நிறப் பின்னணியில், செம்பும் எஃகுமாகப் பெரிய காய்ச்சும் கலன்கள் பளபளக்கின்றன. பார்வை எங்கே போய் நிற்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் திட்டமிட்டார்களோ, அதே இடத்தில் இப்போது பீர். ஒரு பீருக்குப் பெயரே 'பயஸ் மங்க்', பக்திமான் துறவி. என்னோடு வந்த சக ஊழியர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். உள்ளே காலெடுத்து வைத்ததும் அவர் கை தானாக நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றது. அப்புறம் சிரித்துக்கொண்டே அவர்தான் முதலில் ஆர்டர் கொடுத்தார்.

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. குற்றவுணர்ச்சி எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அது அடுத்தவர் கோயில் என்பதாலா? நம்மூர்க் கோயில் ஒன்றில் கருவறை இருந்த இடத்தில் பீப்பாயைப் பார்த்தால் இப்படிக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், மாட்டேன்.

ஆனால் இந்தக் கூச்சத்தை நம்பி மட்டும் முடிவெடுக்க முடியாது. லண்டன் ஈலிங்கில் ஈழத் தமிழர்கள் நடத்தும் கனகதுர்க்கை அம்மன் கோயில், பழைய கிறித்தவச் சிற்றாலயம் ஒன்றின் கட்டடத்தில் இருக்கிறது. தேர்த் திருவிழா அன்று அந்தத் தெருவில் நிற்பவர்களிடம் போய் 'இது வேறொரு சாமியின் வீடாச்சே' என்று கேட்டால் யாரும் சங்கடப்பட மாட்டார்கள். சங்கடப்படத் தேவையும் இல்லை. யாரும் வராத கட்டடத்துக்கு ஆட்கள் வந்தார்கள், அவ்வளவுதான். ஆக, நம் கூச்சம் எந்தப் பக்கம் மாற்றம் நடக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடுகிறது, குறைகிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் எது அளவுகோல்? என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய மென்பொருள் சேவை ஒன்றை நிறுத்தப்போகிறோம் என்றால், அது எவ்வளவு பழையது, யார் எழுதியது, அழகாக எழுதியிருக்கிறார்களா என்றெல்லாம் முதலில் பார்ப்பதில்லை. லாகை எடுத்துப் பார்ப்போம். கடந்த மூன்று மாதத்தில் இதை யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா? ஒருவரும் இல்லையென்றால் தயங்காமல் நிறுத்தலாம், அந்த சர்வரை வேறு எதற்கும் கொடுக்கலாம். நள்ளிரவில் எங்கிருந்தோ ஒரே ஒரு அழைப்பு வந்துகொண்டிருந்தாலும் கதை வேறு. அந்த ஒருவர் யார், நாளை அவர் எங்கே போவார் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

பிட்ஸ்பர்க் கட்டடத்துக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். 1950இல் அந்த நகரத்தில் 6 லட்சத்து 76 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1990இல் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம். எஃகு ஆலைகள் சரிந்தன, அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் வெளியேறின, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலியாயின. மிச்சமிருந்த சிலருக்குத் தங்கள் கோயில் மூடப்பட்டது வலித்திருக்கும். ஆனால் அவர்கள் ஜெபிக்க அடுத்த தெருக்களில் வேறு கோயில்கள் இருந்தன. கட்டடம் ஆளில்லாமல் போனது, பிறகுதான் அங்கே பீர் வந்தது. அதனால்தான் அங்கே எனக்கு உறுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது நம்மூருக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாடு. அங்கே 1802இல் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. முத்தாம்பாள் அரசருக்குப் பிரியமானவர், இளம் வயதில் இறந்துபோனவர். தன் பெயரில் சோறு போடும் இடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களின் பாதை அது. சுவரில் சக்கரமும் குதிரையும் யானையுமாக, கட்டடமே தேர் போல இருக்கும். பிற்காலத்தில் மாணவர் விடுதியாக இருந்தது. பிறகு நெடுங்காலம் சிதிலமாகக் கிடந்தது.

இந்தச் சத்திரங்கள் என்ன செய்தன என்பதைச் சரபோஜியே 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1799இல், நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சத்திரங்களையாவது தன்னிடம் விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் கவலை. எந்தச் சாதி வழிப்போக்கர் வந்தாலும் சோறு. நோயாளிக்கு வைத்தியர். கைக்குழந்தைக்குப் பால். வந்த இடத்தில் செத்துப்போனால் அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு. எனக்கு மறக்காத தகவல் வேறொன்று. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்களாம். பசித்தவர் தேடிக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை, இவர்களே தேடினார்கள்.

அதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. சமைத்த சோறு சாப்பிட விரும்பாதவர்களுக்கு அரிசியாகவே கொடுத்தார்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. யார் கையால் சமைத்ததை யார் தொட மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாதா என்ன? சாதி சத்திரத்துக்குள்ளும் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த அரிசியை விளைவித்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் வைத்த கேள்வி ஒன்றுதான்: சாப்பிட்டாயா?

என் மாமா ஒருவர் சின்ன வயதில் அந்த விடுதியில் இருந்து படித்தவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"மாமா, இதையெல்லாம் ஹெரிடேஜ் ஹோட்டலா மாத்திட்டா கட்டடமாவது பிழைக்கும்ல? கீழ ஒரு பார் வச்சாக்கூடப் பரவாயில்ல."

"பிழைக்கட்டும் மாப்ள, நல்லதுதான். ஆனா நான் போனா வாசல்ல நிக்கிற ஆளு என்ன கேப்பான்?"

"ரூம் புக் பண்ணியிருக்கீங்களான்னு கேப்பான்."

"நாங்க இருந்தப்ப சாப்பிட்டியாடான்னு கேப்பாங்க."

மாமாவின் தட்டு அப்போது காலியாக இருந்தது. அத்தை வந்து இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார். பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

மது என்பதால் எனக்குத் தயக்கம் இல்லை. நீராகாரத்தின் புளிப்பில் வளர்ந்தவன் நான். சோற்றை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு நொதிக்க வைப்பது டெல்டாவின் ஒவ்வொரு அடுப்படியிலும் நடந்த காரியம். அமெரிக்காவின் பட்வைசர் பீரில் அரிசியும் சேர்க்கிறார்கள். மேலும், 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாகத் தன் கையில் வைத்திருக்கும் மாநிலத்தில், குடியின் புனிதக் கேடு பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கை. நடவுக் கூலியை வாங்கிக்கொண்டு ஒருவர் டாஸ்மாக் வாசலில் நின்றால் அவர் குடிகாரர். நான் பெங்களூரில் பித்தளைக் குழாய்க்குக் கீழே கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்தால் ரசிகன். குடிப்பது கெட்டது என்றால் இரண்டு இடத்திலும் கெட்டது. அது தனி விவாதம். கட்டடத்தைப் பற்றிய விவாதத்தில் அதை நுழைத்தால் உண்மையான கேள்வி தப்பித்துவிடும்.

உண்மையான கேள்வி, லாக் என்ன சொல்கிறது என்பது. சத்திரத்தை இன்னும் யாராவது கூப்பிடுகிறார்களா?

இல்லை என்று சொல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. சத்திரம் செய்த வேலைகளை நாம் பிரித்து வேறு வேறு இடங்களுக்குக் கொடுத்துவிட்டோம். வைத்தியரின் வேலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பிள்ளைகளின் சோறு 1982 முதல் சத்துணவு மையத்தில், 2022 முதல் காலை உணவுத் திட்டத்திலும். மலிவான இட்லி அம்மா உணவகத்தில். ராமேஸ்வரம் போகிறவர் ரயிலில் போகிறார். சத்திரம் சாகவில்லை, ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்று வாதிடலாம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வரும் பருவத்தில் டெல்டா கிராமங்களைப் பாருங்கள். சில வருடங்களாகக் குறுவை நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் குழு குழுவாக வருகிறார்கள். குனிந்த முதுகோடு வேகமாக நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். எங்கள் பக்கம் அவர்கள் மோட்டார் கொட்டகையில் படுத்து நான் பார்த்திருக்கிறேன், பூட்டிய கல்யாண மண்டபத்தின் திண்ணையிலும் பார்த்திருக்கிறேன். மூன்று செங்கல் வைத்து அவர்களே பொங்கிக்கொள்கிறார்கள். நம் திட்டங்களில் பலவற்றுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரு விலாசம் வேண்டும், அல்லது ஒரு பள்ளியில் பெயர் இருக்க வேண்டும். இவர்களுக்கு இந்த ஊரில் எதுவும் கிடையாது. சத்திரம் என்ற சொல் யாருக்காக உண்டானதோ, அந்த வழிப்போக்கர் இவர்தான்.

இங்கேதான் ஒரத்தநாடும் பிட்ஸ்பர்க்கும் பிரிகின்றன. அங்கே வருகிறவர்கள் நின்றுபோனதால் கட்டடம் மூடியது. இங்கே வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்க, கட்டடம் மூடியிருக்கிறது. முதல் வகைக் கட்டடத்தை யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம். இரண்டாவது வகையில் நீங்கள் என்ன செய்தாலும், அருங்காட்சியகம் வைத்தாலும் கூட, ஒரு பழைய கடனோடு சேர்த்துத்தான் அதை வாங்குகிறீர்கள். கட்டியவரின் கடன் என்று நான் சொல்லவில்லை. சரபோஜிக்கோ முத்தாம்பாளுக்கோ நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை, இறந்தவர்கள் விருப்பத்துக்கெல்லாம் நிலத்தை நிரந்தரமாக எழுதிவைக்க முடியாது. கடன், பெயர் எழுதாத அந்த மூன்றாம் ஆளுக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவர் வர மாட்டார். அப்படியொரு மேஜை இருப்பதே அவருக்குத் தெரியாது.

அதற்காகக் கட்டடம் இடிந்து விழட்டும் என்று சொல்கிறேனா? இல்லை. இடிந்த சத்திரம் யாருக்கும் சோறு போடாது. சுண்ணாம்பும் தேக்கும் பணம் கேட்கும், பணம் உள்ளவர் வந்தால் பேசத்தான் வேண்டும். நான் அந்த மேஜையில் உட்கார நேர்ந்தால் என்ன விற்கப்போகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். எத்தனை அறைகளுக்கு வாடகை, பின்கட்டில் ஒரு கூடத்தை யாருடைய அட்டையும் பார்க்காமல் திறந்துவைப்பீர்களா, அங்கே ஓர் அடுப்பு எரியுமா என்று கேட்பேன். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால், முன்கட்டில் பீர் காய்ச்சினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பதில் வராவிட்டால், முன்கட்டில் வேதபாடசாலையே நடத்தினாலும் 1222ஆம் விதி சொல்லும் அந்த இழிவான பயன்பாடு அதுதான் என்பேன்.

குறுவை நடவு மறுபடி வரும். வருகிறவர்கள் இந்த வருடமும் மோட்டார் கொட்டகையில்தான் படுப்பார்கள்.