பெயர் சொல்லாத 15 வசனங்கள்

ஊழியன் ஒருவன். பெயர் இல்லை.

அவன் முகத்தைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. அடி விழுகிறது. வாய் திறப்பதில்லை. பிறர் செய்த குற்றம் அவன்மேல் வந்து இறங்குகிறது. சாகிறான். உயர்த்தப்படுகிறான்.

ஏசாயா 52ஆம் அதிகாரம், 13ஆம் வசனம் முதல் 53ஆம் அதிகாரத்தின் முடிவு வரை. 15 வசனங்கள்.

*

மெதுவாக வாசிக்கிறேன். உதடு மட்டும் அசைகிறது.

யார் என்று மனம் கேட்கிறது. கேட்கட்டும்.

*

காசாவுக்குப் போகும் பாதை. வனாந்தரம். எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரி ரதத்தில் உட்கார்ந்து இதே பகுதியை வாய்விட்டு வாசிக்கிறார். பிலிப்பு ஓடிவந்து ரதத்தோடு சேர்ந்துகொள்கிறார். தீர்க்கதரிசி இதைத் தன்னைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா? அதிகாரி கேட்பது அவ்வளவுதான்.

பிலிப்பின் பதில் இயேசு. அப்போஸ்தலர் நடபடிகள், 8ஆம் அதிகாரம்.

கேள்வி முடிந்து பதில் தொடங்கும் முன் ஒரு கணம் இருந்திருக்கும். புழுதி. சக்கரத்தின் சத்தம்.

அங்கே கொஞ்ச நேரம் இருக்கிறேன்.

*

41ஆம் அதிகாரத்திலிருந்து நடந்து வருகிறவருக்கு ஊழியன் புதியவன் அல்ல. 41, 44, 49. ஒவ்வொரு இடத்திலும் கடவுள் அவனைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். யாக்கோபு. இஸ்ரவேல். பாபிலோனுக்குச் சிறைபோன ஜனம் முழுவதும் ஒரே ஆளாக எழுந்து நிற்கிறது. 53-க்கு வரும்போது யூத வாசகர் அவனை நெடுநாளாக அறிந்தவர்.

கிறிஸ்தவ வாசகர் எதிர்ப்பக்கமிருந்து வருகிறார். சிலுவையைப் பார்த்துவிட்டு வருகிறார். விசாரணையில் மௌனமாக நின்றவர். குற்றவாளிகளோடு அறையப்பட்டவர். செல்வந்தர் ஒருவரின் கல்லறையில் வைக்கப்பட்டவர். அந்த முகத்தை மனத்தில் வைத்தபடி 53-ஐத் திறக்கிறார்.

தன்னுடையவரை அங்கே கண்டுகொள்ளாதவர் இருவரில் யாரும் இல்லை.

*

49-ல் ஊழியனின் பெயர் இஸ்ரவேல். இரண்டு வசனம் தள்ளி, இஸ்ரவேலைத் திருப்பிக் கொண்டுவரும் பணி அவனுக்கே தரப்படுகிறது.

ஜனமே ஜனத்தை மீட்குமா? கிறிஸ்தவர் இங்கே நின்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவிழ்க்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

*

அவன் யார் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேசுகிறவர்கள் யார்?

அவனை மதிக்கவில்லை என்று ஒத்துக்கொள்ளும் குரல் ஒருவருடையது அல்ல. பலர் சேர்ந்து பேசுகிறார்கள்.

கிறிஸ்தவ வாசிப்பில் அவர்கள் பாவிகள். கோயிலில் முழங்காலில் இருப்பவர்கள்.

யூத உரையாசிரியர் ராஷியின் உரையில் அவர்கள் பிற தேசத்தார். தாங்கள் மிதித்த ஜனத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த அடி தங்கள் பொருட்டு விழுந்தது என்று காலம் கடந்து உணர்கிறார்கள்.

52-ன் கடைசி வசனத்தில் ராஜாக்கள் திகைத்து வாயை மூடுகிறார்கள். அடுத்த வரியில் குரல் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 53 என்ற எண். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது; ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். 53 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறவரின் கண்ணில் ராஜாக்கள் படுவதில்லை.

கட்டைவிரலால் எண்ணை மறைக்கிறேன். ராஜாக்கள் பேசுகிறார்கள்.

விரலை எடுக்கிறேன். நான் பேசுகிறேன்.

*

ராஷி, 1040–1105. வட பிரான்ஸில் த்ருவா நகரம். இளமையில் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் படித்தவர்.

1096. சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரையில் யூதர்களைக் கொல்கின்றன. ஷ்பையர். வோர்ம்ஸ். மைன்ஸ். கொல்கிறவர்களின் ஆடையில் சிலுவை தைத்திருக்கிறது.

மௌனமாக அடிபட்டவரை வணங்குகிறவர்கள்.

பேனா நிற்கிறது. மூச்சு தொண்டைவரை வந்து திரும்பிப் போகிறது.

*

அந்த ஆண்டின் இரத்தம் ராஷியின் உரைக்குள் இருக்கிறதா என்பது அறிஞர்களிடையே இன்றும் விவாதம். ஜனமே ஊழியன் என்ற வாசிப்பு அதைவிடப் பழையது. 248ஆம் ஆண்டு வாக்கில், கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சஸுக்கு மறுப்பு எழுதும் ஓரிகன், யூத அறிஞர்கள் தன்னிடம் இதையே சொன்னதைக் குறித்துவைக்கிறார். ஓரிகன் கிறிஸ்தவர். ஒத்துக்கொள்ளாத ஒன்றையும் எழுதிவைத்திருக்கிறார். அதற்காக அவரிடம் நன்றி எழுகிறது.

*

1945-க்குப் பிறகு இந்த வசனங்களில் அந்த ஜனத்தைப் பார்க்காமல் கடந்துபோக என்னால் ஆவதில்லை.

சிலுவையைப் பார்க்காமலும் ஆவதில்லை.

*

வெளியே வெளிச்சம் மாறுகிறது. தாளின் பாதி நிழலில்.

*

யூத மரபுக்குள்ளும் பதில் ஒன்றல்ல. அராமிய மொழிபெயர்ப்பான தர்கூமில் ஊழியன் மேசியா. துன்பங்களை மட்டும் அவர்மேல் வைக்காமல் வேறிடம் மாற்றிவிடுகிறது. தல்மூதில் ஓரிடத்தில் அவன் மோசே. யூத அறிஞர் சஆதியா காவோனுக்கு எரேமியா.

தல்மூதின் இன்னோர் இடம். மேசியா ரோம் நகர வாசலில் நோயாளிகளான ஏழைகளோடு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகளை எல்லாம் ஒன்றாக அவிழ்த்து, ஒன்றாகக் கட்டுகிறார்கள். அவர் ஒரு கட்டை அவிழ்த்துக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொடுகிறார். திடீரென்று அழைப்பு வந்தால் தாமதம் ஆகிவிடக் கூடாது.

இந்த மேசியாவை விட்டு நகர மனம் வரவில்லை. காயம்பட்டவர். இன்னும் வராதவர். இப்போதே அங்கே இருப்பவர்.

*

கும்ரான் குகையில் 1947-ல் கிடைத்த ஏசாயாச் சுருள். 17 தோல் துண்டுகள், ஒன்றோடொன்று தைத்தவை. 7 மீட்டருக்கு மேல் நீளம். 54 பத்திகள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். விட்டுப்போன எழுத்தை, வரிக்கு மேலே சின்னதாகச் சேர்த்திருக்கிறார்கள். தையல் தெரிகிறது. அதிகார எண் கிடையாது. எழுதிய கைக்கு பிலிப்பும் தெரியாது, ராஷியும் தெரியாது.

மை தோலில் இறங்குகிறது. அந்த நேரம் அவர் மனத்தில் யாருடைய முகம்?

*

பார்சிலோனா, 1263 ஜூலை. அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் விவாதம். யூத மதத்திலிருந்து மாறிய துறவி பாப்லோ கிறிஸ்தியானி ஒரு பக்கம். யூத ரபி நஹ்மனிடீஸ் மறு பக்கம். மேசியா வந்தாயிற்றா, இல்லையா. இந்த வசனங்களும் இழுத்து வரப்படுகின்றன.

நஹ்மனிடீஸ் தன் தரப்பை எழுதிவைக்கிறார். எழுதியதற்காக நாட்டைவிட்டுப் போக நேர்கிறது. 1267-ல் எருசலேம் வந்து சேரும்போது எழுபது வயதைத் தாண்டியவர். ஊர் பாழடைந்து கிடக்கிறது. குடியிருக்கும் யூதர்கள் இரண்டு சகோதரர்கள், சாயம் தோய்க்கிறவர்கள் என்று மகனுக்கு எழுதுகிறார்.

வழக்காடும் இடத்தில் இந்தப் பகுதி பேசாது என்று தோன்றுகிறது. தோன்றியதை எழுதிவைக்கிறேன்.

*

1742 ஏப்ரல், டப்ளின். ஹேண்டலின் ‘மெசையா’ முதல்முறை பாடப்படுகிறது. அவமதிக்கப்பட்டவனைப் பற்றிய பகுதி வரும்போது பாடும் குரல் இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது.

நிற்கும் இடங்களை மட்டும் கேட்கிறேன்.

*

1959-ல் போப் இருபத்துமூன்றாம் யோவான் பெரிய வெள்ளி ஜெபத்திலிருந்து யூதரை இகழும் சொல்லை எடுத்துவிடச் செய்கிறார். 2001-ல் வத்திக்கானின் விவிலிய ஆணையம், யூதர்கள் தங்கள் வேதத்தை வாசிக்கும் முறையும் சாத்தியமான வாசிப்பே என்று எழுதுகிறது.

எத்தனை நூற்றாண்டு. நெஞ்சு கனக்கிறது. கனமாகவே இருக்கட்டும்.

*

எருசலேம் ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் திஷா பேஆவ் நாள். அதற்குப் பின் ஏழு ஓய்வுநாள்கள், ஜெப ஆலயங்களில் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள். நான்காம் வாரத்து வாசிப்பு 52:12-ல் முடிகிறது. ஐந்தாம் வாரம் 54:1-ல் தொடங்குகிறது.

தீர்க்கதரிசிகளின் நூல்களில் பெரும்பகுதி ஜெப ஆலயங்களின் ஆண்டு வாசிப்புச் சுற்றில் வருவதே இல்லை. நடுவே விட்டுப்போகும் இந்த 15 வசனங்களை ஒளித்துவைத்தார்கள் என்று சொல்ல நா எழவில்லை.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் முதல் வாசகம் 52:13-ல் தொடங்கி 53:12-ல் முடிகிறது.

அங்கே நின்ற இடத்தில் இங்கே தொடக்கம். இங்கே முடிந்த இடத்தில் அங்கே தொடக்கம். ஒரு வசனம்கூட ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை.

51:12-லிருந்து 54:10 வரை நிறுத்தாமல் வாசிக்கிறேன். 53-ம் வந்துவிடுகிறது.