அச்சாணியும் தேரும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்வார்கள். யானை வியாபாரி எவனோ சொல்லி வைத்த வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். உயிரோடிருக்கும்போது ஒரு விலை, செத்த பிறகு அதைவிடக் கூடுதல் விலை என்று ஆகிவிட்டால் அந்த யானையின் கதி என்ன என்பதை அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு யோசிக்க நேர்ந்தது. யானையை வைத்து அல்ல. திருவொற்றியூர் புல்லட் மோட்டார் சைக்கிளை வைத்து.

வடசென்னைவாசிகளுக்கு இந்த வண்டியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வார்த்தை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் பாகங்கள் சீமையிலிருந்து கப்பலேறி வந்தன. இங்கே பூட்டி அனுப்பினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. 1962-க்குள் வண்டி முழுவதையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1970-ல் சீமையிலிருந்த தாய் மூச்சை விட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977-ல் அந்தப் பிள்ளை தாய்நாட்டுக்கே வண்டி அனுப்பத் தொடங்கிற்று! பக்கத்து எண்ணூருக்கும் இப்படி ஒரு பழங்கதை உண்டு. அசோக் லேலண்டு என்றால் இன்று எல்லாருக்கும் லாரியும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்த அந்தக் கம்பெனி எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ-40 என்ற அழகான சின்னக் கார். அந்தப் பக்கத்து இளைஞர்களிடம் இதைச் சொன்னால் கதை எழுதுகிறவன் கதை விடுகிறான் என்பார்கள்.

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தவேண்டும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து அரை மிதி. அதை விட்டுவிட்டு, மனசில் கோபமில்லாமல் ஒரே மிதி. கோபத்தோடு மிதித்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் பெயர்ந்தவர்களை எனக்குத் தெரியும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் பழகியவன் வேறு வண்டியில் ஏறினால் முதல் இரண்டு நாள் தெருவே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். இன்னொரு விஷயமும் உண்டு. பின்னால் சொல்லப்போவதற்கு அது முக்கியம். அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் கியர் பெட்டி தனியாக இருக்கும். நாலு போல்ட்டைக் கழற்றினால் இரண்டும் தனித்தனி. சுமார் 2010-ல் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்த புது எஞ்சினுக்கு மாறினார்கள். தொழிற்சாலையின் பெருவேலையும் திருவொற்றியூரை விட்டு ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது.

நின்றுபோன பொருளுக்கு மவுசு வருவது உலக வழக்கம். பழைய வண்டிக்கு ஒரு காலத்தில் கண்டபடி கிராக்கி. ராயபுரத்துச் சந்துகளில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டிகளையெல்லாம் அடையாறிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் பையன்கள் வந்து தூசி தட்டி, கேட்ட விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். இப்போது, எனக்குத் தெரிந்த வீடுகளில், நிலைமை தலைகீழாகிவிட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழைய சாயலிலேயே, பட்டனை அமுக்கினால் கிளம்புகிற புது வண்டியைக் கம்பெனியே விற்கிறது. 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியை 28 சதவிகிதத்திலிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். புது வண்டியின் விலை இறங்கினால் பழையது தானே இறங்க வேண்டும்? பதினைந்து வருஷம் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க முந்நூறு ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ஆயிரமாயிற்று. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் இரண்டாயிரமாயிற்று. போதாக்குறைக்கு, இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களை அரிக்கிறது என்று மெக்கானிக்குகள் புலம்புகிறார்கள். கடற்காற்றின் உப்பைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், பெரிய அளவில். 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரோடு அங்கே ஒரு மோகம் ஆரம்பித்தது: நடுத்தர உடம்பில் ராட்சத எஞ்சின். 'மஸில் கார்' என்று பெயர். 1973-ன் எண்ணெய் நெருக்கடியில் அந்தக் கார்கள் வீட்டுக்கு வேண்டாத பிள்ளைகளாயின. பிறகு, அவற்றுக்காக ஏங்கிய பையன்கள் சம்பாதித்துத் தொந்தியும் வழுக்கையும் வந்ததும் விலை ஏறியது. பதினொன்றே செய்யப்பட்ட 1971-ம் வருஷத்து ஹெமி 'குடா திறந்த கார் ஒன்று 2014-ல் முப்பத்தைந்து லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இப்போது அந்தப் பையன்களுக்கு வயது எழுபது, எண்பது. கார் கொட்டகையைக் காலி செய்கிறார்கள். வாங்க வேண்டிய பேரனுக்கு அந்தக் காரோடு ஒரு ஞாபகமும் கிடையாது. சாதாரண மஸில் கார்களின் விலை உச்சியிலிருந்து இறங்கிவருகிறது. ஞாபகத்துக்குத்தான் விலை என்றால், ஞாபகசாலிகள் போன பின் விலை எங்கே நிற்கும்?

இதுவரை பொருளாதாரம். எனக்கு அதில் அக்கறை குறைவு. என்னை உறுத்திய விஷயம் ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம், எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் பட்டறையில் நடந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவர். காலமாகி மூன்று வருஷமாகிறது. முப்பது வருஷம் அவர் ஓட்டிய புல்லட்டை மனைவி விற்க வந்தாள். கணவர் இருந்தபோதே ஒருவன் ஒன்றரை லட்சம் தருவதாக வந்து நின்றானாம். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். இப்போது பெண்ணுக்கு நர்ஸிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். மெக்கானிக் அந்தக் கணவரை அண்ணன் என்று அழைத்தவன். அந்த அம்மாளை அண்ணி என்பான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூடி மறைக்காமல் சொன்னான்:

"முழுசா குட்தா நாப்பது தாண்டாது அண்ணி. கயட்டிக் குட்தா அறுபது தேறும். அண்ணன் வண்டிதான்... ஆனா, சொல்லாம இருந்தா நாளிக்கி நீயே என்னைக் கேப்ப."

விலை இறங்கும்போது நடக்கும் விபரீதம் இதுதான். முழு வண்டிக்கு ஆள் குறைகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வண்டிகளுக்குப் பாகம் வேண்டியிருக்கிறது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடிலும் டூப்ளிகேட் கிடைக்கும். டெல்லி கரோல் பாக்கிலிருந்தும் வரும். ஆனால் திருவொற்றியூர் இரும்பில் வார்த்த பழைய கியர் பெட்டி வேண்டுமென்றால், இன்னொரு வண்டி சாகவேண்டும். விலை நன்றாக இருந்த காலத்தில் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கச் சிலருக்குத் துணிச்சல் வந்தது. விலை விழுந்தால் அவர்களும் கையை எடுத்துவிடுவார்கள். அப்புறம் கழற்றுவது ஒன்றுதான் வழி. இந்த யானை இறந்தால்தான் ஆயிரம் பொன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, யாருக்குப் போகும் என்று கேட்டாள். காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்துத் திருவொற்றியூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்கிற ஒருவனுக்குக் கியர் பெட்டி. அவன் வண்டி மூன்று மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. எஞ்சின் மீஞ்சூருக்கு. டாங்க்கும் விளக்கும் வேறெங்கோ. "அப்போ அந்தச் சத்தம் எந்த வண்டிலப்பா வரும்?" என்றாள். முப்பது வருஷம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பில் தோசைக் கல்லைப் போட்டவள் அவள். மெக்கானிக்குக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எஞ்சினா, சைலன்ஸரா, டாப்பெட்டை அவர் எப்போதும் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்ததா?

மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் வாதத்துக்குப் போன கதை பழையது. 'தேரில் வந்தாயே, அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா?' என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்க, அரசன் இல்லை, இல்லை என்றே சொல்லி வந்தான். எல்லாம் சேர்ந்த நிலைக்குத் தேர் என்பது ஒரு பெயர், அவ்வளவுதான் என்று முடிந்தது. அரசன் ஒப்புக்கொண்டான். அவன் தேரில் வந்தவன். அந்தத் தேர் திரும்பி வரும் சத்தத்துக்காக வாசலில் காத்திருந்தவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாகசேனருக்கே சற்றுச் சிரமமாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அவள் கழற்றச் சம்மதித்தாள். இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் அவளுக்குச் சின்ன விஷயமல்ல.

பழைய வண்டிகள் சேர்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "கொலை ஸார் இது! ஒரு சரித்திரத்தை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்" என்றார். நீங்கள் அறுபதாயிரம் கொடுத்து முழுசாக வாங்கியிருக்கலாமே என்றேன். விலை இன்னும் இறங்கும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். அவர் கெட்டவரல்ல. ஆனால் சரித்திரத்தைக் காப்பாற்றும் செலவை ஒரு விதவையின் பெண்ணுடைய படிப்பிலிருந்து எடுக்கச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. முழுமையாக இருக்க ஒரு பொருளுக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அந்த உரிமைக்கு வாடகை கொடுக்க வேண்டியது யார்? ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் 1856-ல் திறந்தது, இன்றும் நிற்கிறது. அதைக் காப்பது பொதுப் பணம். யார் வீட்டு அரிசிப் பானையிலும் கை வைத்து அதைக் காக்கவில்லை.

சர்க்காருக்கும் பழைய வண்டிமேல் மரியாதை உண்டு. 2021-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஐம்பது வருஷம் கடந்த, உருமாறாத வண்டிகளைப் புராதன வண்டி என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு இவற்றுக்கு மட்டும் தெருவுக்குக் கொண்டுவரலாம்; தினசரி ஓட்டக் கூடாது. வேலை செய்யாமலிருந்தால் மாலை போடுகிறேன் என்கிற மரியாதை! மீன்காரனுக்கு இந்த மரியாதையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவன் வண்டி நாளைக்கு நாற்பது கிலோ வஞ்சிரமும் சங்கராவும் சுமக்க வேண்டியது.

ஆனால் கழற்றுவதெல்லாம் நியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். லாபத்துக்காக மட்டும், ஓடுகிற வண்டிகளைத் தேடித் தேடி வாங்கி உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டூப்ளிகேட் பாகத்தில் பழைய எண்ணெயும் துருவும் தடவி ஒரிஜினல் என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பிறந்தபடியே பொருந்தியிருந்தால் காருக்கு விலை எங்கேயோ போகும். ஆகவே எண்ணைச் சுரண்டி எண் அடிக்கிற கலையும் அங்கே வளர்ந்தது. நம் ஊரில் எண்ணுக்கு வேறு விதமான கிராக்கி. அது எனக்குப் பட்டறையில்தான் தெரிந்தது.

எல்லாம் கழற்றியான பிறகு வெறும் சட்டம் சுவரில் சாய்ந்து நின்றது. காயலான் கடையில் எடை போட்டால் சில நூறு ரூபாய். ஒருவன் வந்து, சட்டத்தையும் ஆர்.ஸி. புத்தகத்தையும் சேர்த்துத் தந்தால் எட்டாயிரம் தருகிறேன் என்றான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, மெக்கானிக்கும் கேட்கவில்லை. காகிதமில்லாத வண்டி ஒன்று எங்கோ இந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். மெக்கானிக் அந்த அம்மாளிடம் இதையும் மறைக்கவில்லை. இந்த விலையையும் சொன்னான். அது என்ன காரியத்துக்கு என்பதையும் சொன்னான். அவன் வாயைத் திறந்து சொன்ன தர்மோபதேசம் ஒன்றுமில்லை.

"நாளிக்கி எவனாவது அந்த நம்பர்ல அட்ச்சிப் போட்டுட்டுப் போனா, போலீஸ் அண்ணன் பேரைத்தானே கேட்டுக்கினு வரும்?" என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மெக்கானிக் காஸ் கட்டர் வரவழைத்து, எண் அடித்திருந்த இடத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை ரத்து செய்ய அந்தத் துண்டையும், ஆர்.ஸி. புத்தகத்தையும், இறப்புச் சான்றிதழையும், வாரிசுச் சான்றிதழையும் கொண்டுபோக வேண்டும் என்று விவரமாகச் சொல்லி, ஒரு பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்தான். சூடு ஆறவில்லை, முந்தானையால் பிடித்து வாங்கிக்கொண்டாள். மிச்சச் சட்டம் காயலான் கடைக்குப் போயிற்று. மீன்காரன் அடுத்த வாரமே கியர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனான். பாதிப் பணம் கையில், மீதியை மாதாமாதம் அந்த அம்மாளிடமே கொடுத்துவிடுவதாகப் பேச்சு.