செய்த வினை மீளுமா?

பாவம் என்று தெளிந்த ஒரு காரியத்தைச் செய்ய நாம் மறுத்துவிட்டால் அந்தப் பாவம் உலகில் நிகழாமல் நின்றுவிடுமா, நில்லாதெனில் மறுத்ததற்குத்தான் அர்த்தம் என்ன என்ற தர்மசங்கடத்தைப் புராணங்களும் நீதிநூல்களும் எத்தனையோ விதமாக விசாரித்திருக்கின்றன. அதே விசாரணையை, வியூகம் வகுத்துப் படை நடத்தும் ஒரு ஜப்பானிய வீடியோ விளையாட்டு 1995-ஆம் ஆண்டில் சிரத்தையோடு மேற்கொண்டதை நான் மிகுந்த மரியாதையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

குவெஸ்ட் நிறுவனத்துக்காக யசூமி மட்சுனோ உருவாக்கிய 'டாக்டிக்ஸ் ஓகர்' அது. யுகோஸ்லாவியா சிதறி, நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவர்கள் இனத்தின் பெயரால் ஒருவரையொருவர் வேட்டையாடிய காலத்தின் சாயல் அதன் கதையில் படிந்திருக்கிறது. வலேரியா என்னும் கற்பனைத் தீவுகளில் வாலிஸ்டர், கால்கஸ்தான், பாக்ரம் என மூன்று இனத்தார். அவர்களுள் ஒடுக்கப்பட்ட வாலிஸ்டர்களிடையே வளர்ந்த டெனம் என்ற இளைஞனின் செயல்கள் நம் பொறுப்பில் விடப்படுகின்றன. பகைவரின் பிடியிலுள்ள பால்மமுசா என்ற ஊரில் வாழும் தன் இனத்தாரையே, அவர்கள் கிளர்ச்சிக்கு இணங்காத காரணத்தால் கொன்று குவித்து, பழியைக் கால்கஸ்தான்மேல் சுமத்தி, அதனால் மூளும் கோபத்தைக் கொண்டு மற்றவர்களைத் திரட்ட வேண்டும் என்ற ஆணை வாலிஸ்டர்களின் தலைவரான ரான்வே கோமகனிடமிருந்தே அவனுக்கு வருகிறது.

மறுத்தாலும் படுகொலை நடந்தே தீருகிறது. செய்யாதவன் மேலேயே பழியும் விழுகிறது. இன்னும் கலக்கம் தருவது அவன் தோழன் வைஸின் போக்கு. டெனம் இணங்கினால் மனம் கொதித்து எதிர்ப்பவன் அவன். டெனம் மறுத்தாலோ அதே வைஸ் ஆணையின் பக்கம் போய்ச் சேருகிறான். ஒருவன் தன்னுடைய நியாயம் என்று போற்றுவதில் எவ்வளவு பகுதி ஆத்ம சங்கற்பம், எவ்வளவு பகுதி எதிரே நிற்பவனோடு கொண்ட பிணக்கு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும்படி இக்கதை செய்துவிடுகிறது. மறுப்பால் ஊர் பிழைக்காவிட்டாலும் மறுத்தவன் வேறு மனிதனாகிறான் என்பதே என் துணிபு. பலனைத் துறந்த கர்மத்துக்கு இதைக்காட்டிலும் கடுமையான சோதனை இருக்க முடியாது.

போர்க்களத்தின் சிறப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். மேட்டில் நிற்கும் வில்லாளிக்குப் பலம் அதிகம். கனத்த கவசம் பூண்டவனுக்கு முறை தாமதமாகவே வரும். எந்த இனத்தாரைக் கொல்கிறோம் என்பதை ஒரு மறைமுகக் கணக்கு, சித்திரகுப்தனின் ஏட்டைப் போல, விளையாடுபவர் அறியாமல் குறித்துவைக்கிறது.

குறைகளும் உண்டு. 2010-இல் பிளேஸ்டேஷன் போர்ட்டபிளுக்காகப் புதுப்பித்தபோது தேர்ச்சி ஆளுக்கு இல்லாமல் தொழிலுக்கே உரியதாக்கப்பட்டதால், புதுத் தொழிலை ஏற்கும் வீரன் முதல் படியிலிருந்து தொடங்கவேண்டிய சலிப்பு ஏற்பட்டது. 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு அதைத் திருத்திவிட்டது. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இவ்விரு புதிய பதிப்புகளிலும், தேர் உருவம் தாங்கிய டாரட் சீட்டைக் கொண்டு ஒரு போரில் ஐம்பது முறைகள்வரை பின்னோக்கிச் செல்லலாம். கதை முடிந்தபின் உலகச் சீட்டைக் கொண்டு பழைய கிளைவழிகளுக்கே திரும்பி மறுபக்கத்தையும் கண்டுவரலாம். பழைய பதிப்பிலும் சேமித்த இடத்துக்கு மீள வழி இருந்தது உண்மைதான்; ஆனால் அது விளையாட்டுக்கு வெளியே நின்று செய்யும் காரியம், இதுவோ விளையாட்டே வழங்கும் அனுமதி. வினையின் சுமையைத் தாங்கியவனுக்குத்தானே பிராயச்சித்தம்? எல்லாக் கிளைகளையும் பார்த்துவிடுகிறவன் கர்த்தா என்ற நிலையிலிருந்து நழுவி வெறும் சாட்சியாகிறான். வேதாந்தி அரும்பாடுபட்டு அடைய விரும்பும் சாட்சிபாவம் இங்கே துக்கத்தின் வழியாக அன்றி, சௌகரியத்தின் வழியாகக் கைகூடுகிறது. இதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

ஆயினும் ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உலகச் சீட்டைக் கொண்டு எத்தனை தடவை திரும்பி வந்தாலும், இணங்கினாலும் மறுத்தாலும், பால்மமுசாவைக் காப்பாற்றும் கிளை என்று ஒன்று அந்த விளையாட்டில் இல்லை.