தனியா மலை ஏறலாமா? தீர்த்தமலையில் கிடைத்த பதில்

 

"அண்ணா, மலைக்கோயிலுக்குத் தனியா போகலாமா? ஆசையா இருக்கு, ஆனா பயமாவும் இருக்கு." நம்ம தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நான் முதன்முதலா தனியா ஏறினது முருகன் மலை இல்லை. தருமபுரி மாவட்டம், அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தீர்த்தமலை. அது அப்பன் மலை. ஆனா எனக்குப் பதில் சொன்னது மகன்தான்.

மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர், கூடவே வடிவாம்பிகை. ராவண வதம் முடிஞ்சு திரும்பின ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைச்சு, கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினாராம். அனுமன் வர நேரமாச்சு. ராமர் பாறையில் அம்பு விட்டார், நீர் வந்தது. அதுதான் ராமர் தீர்த்தம். தாமதமா வந்த அனுமன் வருத்தத்தில் வீசின கங்கை நீர், தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தம் ஆச்சு. முதலில் அங்கே குளிச்சிட்டு, பிறகு மலை ஏறுவதுதான் வழக்கம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்சது இதுதான்: லேட்டா வந்த தண்ணியும் வீணாப் போகலை பாருங்க!

அன்னைக்கு ஏறும்போது முதல் கொஞ்ச தூரம் ஜாலிதான். கூட்டமா போனா அரோகரா சொல்லிக்கிட்டே கால் வலி தெரியாம ஏறிடுவோம். தனியா போனா அப்படி இல்லை. நம்ம மூச்சு சத்தம் நமக்கே பெருசா கேக்குது. பையைப் பார்த்துக்கிட்டு குரங்குகள் வேற உக்காந்திருக்கு. செருப்பில்லாத கால், சூடேறின கல். "கந்தா" என்றுதான் வாயில் வந்தது. அதை யாரும் கேட்கலை, திருப்பிச் சொல்லவும் ஆளில்லை. அப்போதுதான் புரிஞ்சது, துணைக்கு ஆள் இருக்கும்போது சொல்ற "முருகா" வேற, இந்த "முருகா" வேற.

இன்னொன்றும் சொல்லணும். அப்பா கடைசியா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு கதவு வரைக்கும்தான் என்னால் கூடப் போக முடிஞ்சது. கையை விட்டுட்டு வெளியே நின்னேன். அந்தக் கதவுக்குப் பின்னாடி அவர் தனியா என்ன நினைச்சிருப்பார், பயந்திருப்பாரான்னு பல ராத்திரி தூக்கம் வராது. தனியா ஏறணும்னு தோணினதே அதனால்தான்.

கந்தர் அலங்காரத்தில் அருணகிரிநாதர் அந்தக் கடைசிப் பயணத்தைத்தான் தனிவழி என்கிறார். அதற்குத் துணையா அவர் சொல்றது உறவையோ நட்பையோ இல்லை, வேலையும் மயிலையும். சின்ன வயசிலிருந்து தெரிஞ்ச பாட்டுதான். அந்தப் படிகளில் நின்னப்போதான் அது அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னதுன்னு பட்டது. நான் நின்ன கதவோடு முருகன் நிக்கலை. இதை என்னால் நிரூபிக்க முடியாது. நம்பறேன், அவ்வளவுதான்.

மேலே ராமர் தீர்த்தம் உயரத்திலிருந்து பாறைமேல் விழுது. காத்து அடிச்சா நீர் ஒரு பக்கம் விலகும், மறுபடி வரும். நாம நகர்ந்து நகர்ந்து பிடிக்கப் பார்த்தா கிடைக்காது. பேசாம நின்னா தலையில் விழும். அக்னி தீர்த்தம், அகஸ்தியர் தீர்த்தம், கௌரி தீர்த்தம்னு இன்னும் பல உண்டு. நம்ம மனசு தேடிப் போறது குமார தீர்த்தத்தை. முருகன் இங்கே நீராடி அப்பனை வழிபட்டுத்தான் தேவர் படைக்குத் தலைவரானார் என்பது தலத்துக் கதை. தேவசேனாபதி என்றதும் நமக்குப் படையும் கொடியும்தான் நினைவுக்கு வரும். அதுக்கு முன்னாடி பிள்ளையா வந்து, இந்த மலையில் ஈரத் தலையோடு அப்பன் முன்னால் நின்னிருக்கார் பாருங்க. அப்பனைத் தேடி வந்த இன்னொரு பிள்ளையா அந்தக் கதையைக் கேட்டப்போ என் கண்ணும் நனைஞ்சிடுச்சு.

இந்தத் தலத்துக்கு அருணகிரியார் திருப்புகழும் பாடியிருக்கார். உருக மாட்டேங்கிற நெஞ்சைக் கடிந்து கேட்கிற பாட்டு. கிளம்புறதுக்கு முன்னாடி தேடிப் படிச்சிட்டுப் போங்க. அர்த்தத்தோடு படிங்க.

சரி, தனியா போகலாமா? போகலாம். ஆனா வீட்டில் எங்கே போறோம், எப்போ திரும்புவோம்னு சொல்லிட்டுப் போங்க. முருகன் துணைன்னு சொல்லிட்டு அம்மாவைத் தவிக்க விடறது பக்தி இல்லை. வெயிலுக்கு முன்னாடி ஏறுங்க, இருட்டுக்கு முன்னாடி இறங்குங்க. தண்ணி எடுத்துக்குங்க. பாதையை விட்டுக் காட்டுக்குள் போகாதீங்க. உடம்பு முடியலைன்னா பாதியில் உக்காந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டுத் திரும்புங்க, அவர் கணக்கு பார்க்கமாட்டார். பிளாஸ்டிக் பாட்டிலைத் தீர்த்தத்துக்கிட்டே போட்டுட்டு வராதீங்க.

ஒரு சின்ன பாட்டிலில் தீர்த்தம் பிடிச்சுக்கிட்டு வந்தேன். அம்மா அதில் கொஞ்சம் குடிச்சாங்க, மீதியை அப்பா படத்துக்கு முன்னாடி வெச்சாங்க. எதுவும் கேட்கலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!